வன்பொருளும் இயக்கியும்: தமிழ்நாட்டில் கணினி நிறுவலின் வரலாறு – திருமங்கலம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்க் கணிமையின் வரலாறு இதுவரை பெரும்பாலும் எழுத்துருக்கள், குறியேற்றங்கள், விசைப்பலகைகள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஒரு கணினியில் இயங்குதளத்தை நிறுவும்போது அதன் வன்பொருள் உறுப்புகளுக்கு உரிய இயக்கிகளைக் கண்டறிந்து பொருத்தும் பணி அவ்வரலாற்றில் இடம்பெறவில்லை. இப்பணி யார் கையில் இருந்தது, எந்தக் காலத்தில் யாருக்குக் கைமாறியது, அக்கைமாற்றத்தில் தமிழ்நாட்டு அரசின் கொள்முதல் முடிவுகள் எத்தகைய பங்காற்றின என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அரசு வழங்கிய மடிக்கணினிகள் சென்றடைந்த சிற்றூர்ச் சூழலுக்கு எடுத்துக்காட்டாக மதுரை மாவட்டத்துத் திருமங்கலம் வட்டாரம் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இயக்கி, வன்பொருள், இயங்குதளம், எல்காட், பாஸ் லினக்ஸ், விலையில்லா மடிக்கணினி, திருமங்கலம்.

முன்னுரை

கணினிப் பழுதுபார்ப்பவரின் பேச்சில் ‘டிரைவர் போடுவது’ என்பது நாள்தோறும் புழங்கும் தொடர். பாடநூல்களும் கலைச்சொல் தொகுப்புகளும் அதனை ‘இயக்கி’ என்கின்றன. ‘ஓட்டுநர்’ என்று பெயர்த்திருந்தால் பேருந்து நிலையத்து மக்கள் வேறு பொருள் கொண்டிருப்பர் என்பதால் ‘இயக்கி’ நல்ல தேர்வே. எனினும் அச்சொல் ஒரு மயக்கத்தையும் தருகிறது. இயக்கி கருவியை இயக்குவதில்லை. இயங்குதளம் பொதுமொழியில் இடும் கட்டளையைக் குறிப்பிட்ட ஒரு சில்லுக்கு விளங்கும் கட்டளையாக மாற்றித் தருவதே அதன் வேலை. ஒருவகையில் அது மொழிபெயர்ப்பாளரின் பணி. எந்தச் சில்லுக்கு எந்த மொழிபெயர்ப்பாளர் என்று அறியும் முறையின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

பொருத்தம் தேவைப்படாத காலமும் பொருத்தம் கைவேலையாக இருந்த காலமும்

1984இல் இந்திய நடுவணரசு ‘கிளாஸ்’ என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது பள்ளிகளுக்கு வந்தவை பிபிசி மைக்ரோ கணினிகள். அவற்றின் இயங்குதளம் படிப்பு நினைவகச் சில்லிலேயே பதிக்கப்பட்டிருந்தது. நிறுவல் என்னும் செயலே அங்கில்லை. ஆகவே பொருத்தச் சிக்கலும் இல்லை. கணினியை ஏற்றியவுடன் அது பணிக்கு ஆயத்தமாக நின்றது.

ஐபிஎம் நிறுவனம் 1981இல் வெளியிட்ட தனியாள் கணினியும் அதன் வழிவந்தவையும் இந்நிலையை மாற்றின. இவ்வகைக் கணினி திறந்த செருகுவாய்களைக் கொண்டது. எந்த நிறுவனத்தின் அட்டையையும் அதில் செருகலாம். ஆனால் செருகிய அட்டை தான் யார் என்று சொல்லாது. அட்டைக்குரிய குறுக்கீட்டு எண், துறை முகவரி, நேரடி நினைவக வழி ஆகியவற்றைச் சிறு நெகிழித் தொப்பிகளான ஜம்பர்களை இடம் மாற்றி மனிதரே அமைக்க வேண்டும். அதே எண்களை மென்பொருளிடமும் எழுதித் தர வேண்டும். முதல் கணினியில் குறுக்கீட்டு வழிகள் எட்டே இருந்தன. 1984இல் வந்த ஏடி வகையில் பயன்படத்தக்கவை பதினைந்தாயின. அவற்றுட் பலவற்றை விசைப்பலகையும் கடிகாரமும் வட்டும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும். ஒலியட்டையும் அச்சுப்பொறித் துறையும் ஒரே எண்ணைக் கேட்டால் ஒன்று ஊமையாகும். கருவிகளுக்கிடையே இடம் பங்கிடும் இவ்வேலை அக்காலக் கணினிப் பயிற்சியின் பெரும்பகுதியாக இருந்தது.

இங்குத் தமிழுக்கு நேரடித் தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. கான்பூர் ஐஐடியில் உருவாகிப் பின்னர் புணேயில் உள்ள சி-டாக் நிறுவனத்தால் வளர்த்தெடுக்கப்பட்ட ‘ஜிஸ்ட்’ தொழில்நுட்பம், டாஸ் காலத்துக் கணினிகளுக்கு ஒரு செருகட்டையாக வந்தது. ஆங்கிலம் மட்டும் அறிந்த உரைத்திரையில் இந்திய எழுத்துகளைக் காட்டும் பொறுப்பை அவ்வட்டை ஏற்றது. அதாவது, ஒரு காலக்கட்டத்தில் தமிழே ஒரு வன்பொருளாகக் கணினிக்குள் செருகப்பட்டது. எழுத்துரு வரலாற்றை மென்பொருள் வரலாறாக மட்டும் காணும் பார்வை இவ்விடத்தில் பொருந்தாமற் போகிறது.

கருவி தன் பெயரைச் சொல்லத் தொடங்கியமை

1992இல் இன்டெல் நிறுவனம் அறிமுகப்படுத்திய பிசிஐ பாட்டை இவ்வரலாற்றின் முதன்மையான திருப்பம். இதில் ஒவ்வொரு கருவியும் 256 பைட்டு அளவுள்ள தன்விவரப் பகுதி ஒன்றைத் தாங்கியிருக்கும். அதன் முதல் இரண்டு பைட்டுகள் உற்பத்தியாளர் எண். அடுத்த இரண்டு கருவி எண். கருவியின் வகை, அட்டையை இணைத்து விற்றவரின் எண் ஆகியவையும் அப்பகுதியிலேயே அடங்கும். உற்பத்தியாளர் எண்களைப் பிசிஐ கூட்டமைப்பு ஒதுக்குகிறது. இன்டெலின் எண் பதினாறடிமான முறையில் 8086. அந்நிறுவனம் 1978இல் வெளியிட்ட செயலியின் பெயரே அதன் அடையாள எண்ணாகவும் அமைந்துவிட்டது. பொறியாளர்களுக்கும் தம் குலப்பெருமை உண்டு போலும்.

கருவி தன் எண்ணைச் சொல்லத் தொடங்கியதும் பொருத்தம் என்பது அட்டவணையில் தேடும் செயலாக மாறியது. 1995 ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் 95 இதனைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. விண்டோஸ் முறையில் ஒவ்வோர் இயக்கியுடனும் ஒரு தகவற்கோப்பு வரும். அவ்வியக்கி ஏற்கும் கருவி எண்களின் பட்டியல் அக்கோப்பில் இருக்கும். நிறுவியானது கருவி சொன்ன எண்ணைப் பட்டியல்களோடு ஒப்பிட்டு, மிக நெருங்கிய பொருத்தத்தைத் தேர்கிறது. துல்லியமான எண் கிடைக்காவிட்டால் வகை எண்ணைக் கொண்டு பொதுவான இயக்கியை அமர்த்துகிறது. புதிதாக இயங்குதளம் நிறுவிய மடிக்கணினியில் எழுத்துகள் பெரிதாகவும் இழுபட்டும் தெரிவதன் காரணம் இதுவே: திரை ‘ஏதோ ஒரு காட்சிக் கருவி’ என்ற அளவில் மட்டும் அறியப்பட்டுள்ளது.

லினக்சில் இதே வேலை மறுதலையாக நடைபெறுகிறது. இயக்கிகள் பெரும்பாலும் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. ஒவ்வொன்றும் தான் அறிந்த எண்களை அறிவிக்கிறது. அவ்வறிவிப்புகள் ஒரே பட்டியலாகத் திரட்டப்படுகின்றன. 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 கெர்னலும் அக்காலத்தில் எழுந்த யூடெவ் என்னும் கருவியும் இம்முறையை நிலைநிறுத்தின. அதற்கு முன்னர் ஒவ்வொரு லினக்ஸ் வெளியீடும் தனக்கெனக் கண்டறி நிரல் ஒன்றை வைத்திருந்தது.

இவ்விரு முறைகளுக்கும் இடையிலான வேறுபாடு நுட்பம் சார்ந்தது மட்டுமன்று. முதல் முறையில் அட்டவணையின் ஒவ்வொரு வரியையும் கருவியை விற்றவர் எழுதுகிறார். அவர் புதிய இயங்குதளத்திற்கு எழுத மறுத்தால் கருவி வழக்கிழக்கிறது. இரண்டாம் முறையில், சில்லின் விவரக் குறிப்புகள் வெளியிடப்பட்டால் அவ்வரியை யாரும் எழுதலாம். எழுதியபின் அது எல்லோருக்கும் உரியதாகிறது. வெளியிடப்படாவிட்டால் என்னவாகும் என்பதற்குப் பிராட்காம் நிறுவனத்தின் கம்பியில்லா இணைப்புச் சில்லுகள் தக்க சான்று. தன்னார்வலர்கள் அவற்றின் இயக்கத்தைப் புறத்தே ஆராய்ந்து இயக்கி எழுதினர். ஆயினும் சில்லுக்குள் ஏற்ற வேண்டிய நிலைப்பொருளைப் பகிர உரிமம் இடந்தரவில்லை. அந்நிறுவனம் தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த இயக்கியை வெளியிட்டது 2010 செப்டம்பரில்தான்.

நிறுவலின்போது எழும் மற்றொரு முட்டுப்பாட்டையும் குறிப்பிட வேண்டும். இயக்கியை இணையத்திலிருந்து பெறலாம். ஆனால் பிணைய அட்டைக்கே இயக்கி இல்லாதபோது இணையம் கிட்டாது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி வட்டுக் கட்டுப்படுத்தியின் இயக்கியை நெகிழ்வட்டிலிருந்து மட்டுமே கேட்டது. நெகிழ்வட்டுச் செலுத்தியே இல்லாத மடிக்கணினிகள் பெருகிய காலத்திலும் அது அவ்வாறே கேட்டுக்கொண்டிருந்தது. பயாசில் வட்டின் இயங்குமுறையைப் பழைய முறைக்கு மாற்றிவிட்டு நிறுவுவது இதற்குத் தொழில்நுட்பர் கண்ட வழி. எந்தப் பாடநூலிலிருந்தும் அவர்கள் இதைக் கற்கவில்லை. கடைக்குக் கடை வாய்மொழியாகப் பரவிய அறிவு இது.

தமிழ் நிறுவியும் காட்சி இயக்கியும்

நிறுவலைத் தமிழிலேயே நடத்தும் வாய்ப்பும் இயக்கியின் வரலாற்றோடு பின்னியது. லினக்சின் உரைத்திரை ஒரே நேரத்தில் 256 அல்லது 512 எழுத்துருவங்களையே கையாள வல்லது. கொம்பை மெய்யெழுத்தின் முன் நகர்த்துவது போன்ற வேலைகளை அது செய்யாது. எனவே ‘கொ’ என்னும் எழுத்தைச் சரியாகக் காட்ட வேண்டுமெனில் முதலில் வரைகலைத் திரை இயங்க வேண்டும். 2007 ஏப்ரலில் வெளிவந்த டெபியனின் ‘எட்ச்’ பதிப்பு வரைகலை நிறுவியைக் கொண்டுவந்தபோதுதான் இந்திய மொழிகளில் நிறுவுவது இயல்வதாயிற்று. காட்சிக் கருவிக்குப் பொதுநிலை இயக்கியேனும் கிடைத்த பின்னரே தமிழில் முதற் கேள்வி தோன்ற முடியும். ஆங்கிலம் மட்டும் அறிந்த பயனர்க்கு இத்தடை இருந்ததே இல்லை.

எல்காட்: பொருத்தம் ஒப்பந்த நிபந்தனையாதல்

1977இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மின்னணு நிறுவனமாகிய எல்காட், அரசுத் துறைகளுக்கான கணினிக் கொள்முதலை மேற்கொள்ளும் நிறுவனம். சி. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்த 2006–2008 காலப்பகுதியில் எல்காட் தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்சுக்கு மாற்றியது. பள்ளிகளுக்கான கணினிகளிலும் லினக்ஸ் இடம்பெற்றது. இம்மாற்றம் பெரும்பாலும் உரிமக் கட்டணச் சிக்கனமாகவே பேசப்பட்டது. அதனினும் பெரிய விளைவு வேறொன்று என்பது இக்கட்டுரையின் கருத்து. லினக்ஸ் நிறுவப்பட்ட நிலையில் கணினியை ஒப்படைக்க வேண்டும் என்று வாங்குபவர் விதிக்கும்போது, எந்தச் சில்லுக்கு இயக்கி உண்டு எனத் தேடும் சுமை விற்பவரின் தலையில் இறங்குகிறது. தனிப் பயனர் ஒருவர் உற்பத்தியாளரிடம் இயக்கி கேட்டால் மறுமொழி வராது. ஆயிரக்கணக்கில் வாங்கும் அரசு கேட்டால், இயக்கி உள்ள சில்லையே தேர்ந்து பொருத்துவது உற்பத்தியாளருக்கு ஆதாயம். பயனரின் அல்லலாக இருந்த பொருத்தம் இவ்வாறு ஒப்பந்தத்தின் ஒரு விதியாக மாறியது.

இதே காலத்தில் சென்னை சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்சை உருவாக்கி 2007 ஜனவரியில் வெளியிட்டது. கட்டற்ற திறந்த மூலமென்பொருளுக்கான தேசிய வள மையத்தின் திட்டமாக அது வளர்ந்தது. அம்மையத்தின் பணிகளில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் பங்கேற்றது. டெபியனை அடிப்படையாகக் கொண்டதால் அதன் வலிமையோடு ஒரு நெருக்கடியும் பாசுக்கு வந்து சேர்ந்தது. 2011 பிப்ரவரியில் வெளிவந்த டெபியன் 6.0, மூலநிரல் வெளியிடப்படாத நிலைப்பொருட்களைக் கெர்னலிலிருந்து நீக்கித் தனிக் களஞ்சியத்தில் வைத்தது. கொள்கையளவில் தூய முடிவே. ஆனால் கம்பியில்லா இணைப்புச் சில்லுகள் பலவற்றிற்கு அந்நிலைப்பொருள் இன்றியமையாதது. கொள்கையையும் பயன்பாட்டையும் இணக்க வேண்டிய கடமை டெபியனின் வழிவந்த வெளியீடுகளின் மேல் விழுந்தது. டெபியனே 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வெளியிட்ட 12ஆம் பதிப்பின் நிறுவல் வட்டில் நிலைப்பொருட்களைச் சேர்த்துக்கொண்டது.

மடிக்கணினி வந்த ஊர்

2011 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டத்தில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிலும் மாணவர்களுக்கு உரியது அத்திட்டம். முதலாண்டு இலக்கு ஒன்பது லட்சத்திற்கும் மேல். கொள்முதலை எல்காட் மேற்கொண்டது. முதற்கட்டக் கணினிகள் விண்டோசும் பாஸ் லினக்சும் ஆகிய இரட்டை இயங்குதளங்களோடு வந்தன.

மதுரைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது திருமங்கலம். கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் பெருவழியிலிருந்து இராசபாளையம், செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் சாலை பிரியும் இடம் அது. உசிலம்பட்டிச் சாலையும் அங்குத் தொடங்குகிறது. சுற்றிலும் வானம் பார்த்த கரிசலும் செவலும். கள்ளிக்குடி, பேரையூர், தே. கல்லுப்பட்டிப் பகுதிச் சிற்றூர்களின் பிள்ளைகள் மேனிலைக் கல்விக்கும் கடைத்தேவைக்கும் வந்துசெல்லும் ஊர். இத்தகைய ஊரில் பல வீடுகளுக்கு அரசு மடிக்கணினியே முதற்கணினி. அது பழுதானால் எடுத்துச் செல்லும் இடம் பேருந்து நிலையத்தை ஒட்டிய சிறு கடையாகவோ மதுரை நகரமாகவோ இருக்கும்.

ஊரார் வழக்கில் ‘அரசு மடிக்கணினி’ என்பது ஒரே பொருள். இயக்கி அட்டவணையின் பார்வையில் அவ்வாறில்லை. பல நிறுவனங்கள் பல ஆண்டுகளில் பல தொகுதிகளாக வழங்கியவை அவை. ஒரே முத்திரை பொறித்த, ஒரே தோற்றமுள்ள இரண்டு கணினிகளுள் வெவ்வேறு கம்பியில்லாச் சில்லுகள் இருப்பது இத்தொழிலில் இயல்பு. உற்பத்தியின்போது கிடைத்த சில்லைப் பொருத்துவர். ஆகவே தோழியின் கணினிக்குப் பொருந்திய இயக்கி வட்டு தன் கணினிக்குப் பொருந்தாமற் போவது மாணவிக்குப் புதிராக இருந்திருக்கும். கருவி மேலாளர் திரையில் மஞ்சள் வியப்புக்குறியோடு நிற்கும் ‘அறியப்படாத கருவி’யைத் திறந்து, அதன் எண்ணைப் படித்து, எண்ணைக் கொண்டு இயக்கி தேட வேண்டும் என்பது தெரிந்தால் புதிர் அவிழும். தெரியாதார்க்குக் கணினி பழுது.

ஒப்படைக்கும் நாளில் பொருத்தம் முழுமையாக இருந்தது. அது ஒப்பந்த விதி. அந்த விதி உறுதிப்பத்திரக் காலத்தோடு முடிந்தது. அதன்பின் நச்சுநிரலாலோ வட்டுப் பழுதாலோ மறுநிறுவல் தேவைப்பட்டபோது மறைபகுதியில் இருந்த மீட்புப் படிமமும் பெரும்பாலும் அழிந்துபோயிருக்கும். பாசுக்கு ஒதுக்கிய பகுதியை அழித்து முழு வட்டையும் விண்டோசுக்கு ஆக்கிக்கொள்வது பரவலாக நிகழ்ந்தது. மாணவரின் அறியாமை என்றோ கடைக்காரரின் பேராசை என்றோ இதனை ஒதுக்கிவிட இயலாது. பாசைக் கொண்டு எதையும் செய்யும்படி பாடத்திட்டம் கேட்கவில்லை. மேனிலை வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் அக்காலத்தில் ஸ்டார் ஆபிசையும் சி++ மொழியையும் கற்பித்தது. உபுண்டு பாடநூலில் நுழைந்தது 2018இன் புதிய பாடத்திட்டத்தில். அரசின் ஒரு கை வழங்கிய இயங்குதளத்தை மறு கை கற்பிக்கவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியது எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. உருசியாவில் தொகுக்கப்பட்ட ‘டிரைவர்பேக் சொல்யூஷன்’ என்னும் தொகுப்பு, இணைய இணைப்பின்றியே ஆயிரக்கணக்கான கருவி எண்களுக்கு இயக்கி தேடித்தரும் வட்டாகப் பழுதுபார்ப்புக் கடைகளில் புழங்கியது. வேண்டாத விளம்பர நிரல்களையும் உடன் ஏற்றுவதாக அதன்மேல் குறை உண்டு. எனினும் ஒரு மாநில அரசு தன் செலவில் வாங்கித்தந்த கணினிகளுக்கான இயக்கிகளை, கருவி எண் வாரியாக, ஒரே இடத்தில் எளிய தமிழ் விளக்கத்தோடு நிலையாகப் பேணியிருந்தால் அயல்நாட்டு அட்டவணையை நாட வேண்டிய தேவை பெரிதும் குறைந்திருக்கும். வாங்கிய கணினிகளின் சில்லு விவரங்கள் ஒப்பந்த ஆவணங்கள் வழி அரசின் கைக்கு எட்டும் தொலைவிலேயே இருந்தன. கணினிகளின் விலையோடு ஒப்பிட்டால் இதற்கான செலவு பொருட்படுத்தத் தக்கதன்று.

இவ்வட்டாரத்தில் இக்கேள்விக்கு ஒரு முன்வரலாறும் உண்டு. கிராமக் கைத்தொழிற் பொருளியலின் முதன்மைச் சிந்தனையாளரான ஜே.சி. குமரப்பா 1950களில் தே. கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்தில் தங்கி வாழ்ந்தார், 1960இல் மறைந்தார். கருவி அதைப் பயன்படுத்துவோரின் ஆளுகைக்குள் இருக்க வேண்டும் என்ற அக்கறை அவருடைய பொருளியலின் அடித்தளங்களுள் ஒன்று. மடிக்கணினியை அவ்வளவுகோலால் அளப்பது மிகையெனத் தோன்றலாம். சில்லை உள்ளூரில் செய்ய இயலாது என்பது உண்மை. ஆனால் இயக்கியைப் பொருத்துவதற்குத் தேவை ஆலையன்று; ஓர் எண்ணும், அவ்வெண்ணைத் தேடத் திறந்திருக்கும் ஓர் அட்டவணையும் போதும்.

எக்ஸ்பியின் முடிவும் அதன் பின்னும்

2014 ஏப்ரல் 8இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அதனையொட்டித் தமிழ்நாடு அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்சுக்கு மாறுமாறு அறிவுறுத்தியது. எல்காட்டின் முந்தைய முயற்சிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு இருந்தது. முன்னது புதிய கணினிகளை வாங்கும்போது விதித்த நிபந்தனை. பின்னது, எக்ஸ்பியை மனத்திற்கொண்டு வாங்கப்பட்டுப் பல ஆண்டுகள் உழைத்த கணினிகளைப் பற்றியது. அவற்றோடு இணைந்த அச்சுப்பொறிகள், வருடிகள், கைரேகைக் கருவிகள் ஆகியவற்றிற்கு லினக்ஸ் இயக்கி உண்டா என்று வாங்கிய நாளில் யாரும் கேட்டிருக்கத் தேவையில்லை. செயலி மாறாமலே ஓர் அலுவலகம் இயங்குதளம் மாறலாம். அச்சுப்பொறிக்கு இயக்கி இல்லையேல் சான்றிதழ் அச்சாகாது, அலுவலர் பழைய இயங்குதளத்திற்கே திரும்புவார். இயங்குதள மாற்றத்தின் வெற்றி தோல்வி அரசாணையின் சொற்களைவிட மேசை ஓரத்துக் கருவிகளைப் பொறுத்திருந்தது.

2025 மார்ச்சில் தாக்கலான தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கை, இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்திய செயலியையும் கேட்கிறது. முதற்கட்ட அரசு மடிக்கணினிகள் உருவான 2011இல் இந்தச் சில்லின் 2.0 வரையறையே வெளிவந்திருக்கவில்லை. அவற்றின் காட்சிக் கருவிக்கோ ஒலிக் கருவிக்கோ இயக்கி உண்டா என்ற கேள்வி எழுவதற்கு முன்னரே அந்நிறுவி வாயிலை அடைத்துவிடுகிறது. லினக்ஸ் கெர்னலின் பட்டியலிலோ அக்காலத்து இன்டெல் காட்சிச் சில்லுகளின் எண்கள் இன்றும் நீக்கப்படாமல் உள்ளன.